பத்தரை மணிக்கு வந்த அம்மா

அத்தியாயம் 6

“செத்துப்போனவங்க மெசேஜ் அனுப்புவாங்களா, ஆன்ட்டி?”

மயூரா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டவனுக்கு வயது பதினைந்து. பெயர் அதீஃப். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நேராக வந்திருந்தான். தலையிலிருந்து கழற்றிய தொப்பியை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

சிங்கப்பூர் கேம்பல் லேனில், ஒரு மாடியில், அவன் அம்மா அஸ்மத்தின் தையல் கடை அது. சுவர் முழுக்கப் பாதி தைத்த ரவிக்கைகள் தொங்கின. மூலையில் அஸ்மத் குனிந்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். ஊசிக்குக் கீழே துணி இல்லை என்பதை மயூரா வந்ததுமே கவனித்துவிட்டாள்.

“அனுப்பினா எனக்கு உதவியா இருக்கும்,” என்றார் கமலா. “எங்க வீட்டுக்காரர் பீரோ சாவியை எங்க வச்சுட்டுப் போனாருன்னு ஆறு வருஷமாத் தேடிட்டு இருக்கேன்.”

மயூரா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கமலா வாயை மூடிக்கொண்டார். அது எத்தனை நிமிடம் தாங்கும் என்பது இருவருக்குமே தெரியும். கமலா இருபத்திரண்டு வருடம் சிங்கப்பூர் ரோடுகளில் பஸ் ஓட்டியவர். பஸ்ஸுக்கு இருந்த பிரேக் அவர் வாய்க்கு இருந்ததில்லை. பன்னிரண்டு வருடம் போலீசில் இருந்துவிட்டு வெளியே வந்த மயூரா, பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, உதவிக்கு வந்து சேர்ந்த முதல் ஆளும் கடைசி ஆளும் கமலாதான்.

வழக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. கொண்டுவந்தவர் மருதப்பன். ஜூரோங் ஷிப்யார்டில் சூப்பர்வைசர். மனைவி நிவேதிகா புற்றுநோயில் இறந்து எட்டு மாதம். ஒரே மகள் ரோஷினி. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மாவும் மகளும் சேர்ந்து பள்ளியின் இணையதளத்தில் ஒரு தனிப் பக்கம் தொடங்கினார்கள். அம்மா படுக்கையிலிருந்து தன் போனில் எழுதுவார். மகள் பள்ளி கொடுத்த டேப்லெட்டில் பதில் எழுதுவாள். அம்மா போன பிறகும் ரோஷினி நிறுத்தவில்லை. தினமும் ஒரு கடிதம் எழுதினாள்.

பத்து நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அந்தக் கடிதங்களில் ஒன்று வகுப்பறையின் ஸ்மார்ட் போர்டில் சுவர் அகலத்துக்குத் திறந்துகொண்டது. நாற்பது பேர் படித்தார்கள். ஒருவன் படம் எடுத்தான். ரோஷினி எழுந்து வெளியே போனவள்தான். அதற்கப்புறம் பள்ளிக்கும் போகவில்லை, யாரோடும் பேசவும் இல்லை.

அந்த நேரத்தில் அவளுடைய டேப்லெட் இருந்தது அதீஃப் கையில்.

“என் பிள்ளையை இப்படி ஆக்கினவன் யாருன்னு எனக்குத் தெரியும் மேடம்,” என்று சொல்லியிருந்தார் மருதப்பன். “ஆதாரம் மட்டும் கொண்டாங்க. திங்கட்கிழமை ஸ்கூல்ல விசாரணை. அவனை அந்த ஸ்கூல்ல விடமாட்டேன். போலீசுக்கும் போவேன்.”

மயூரா தையல் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதீஃபின் எதிரில் உட்கார்ந்தாள். “பயப்படாமக் கதை. முதல்லேருந்து.”

“என்ன கதை, ஆன்ட்டி?”

“பேசச் சொல்றாங்க தம்பி,” என்றார் கமலா. “இவங்க யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்க வந்து மூணு தலைமுறை ஆச்சு. ஆனாலும் இவங்களுக்குப் பேச்சு வராது, கதைதான் வரும்.”

அதீஃப் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. பிறகு சொன்னான்.

“குரூப் ப்ராஜெக்ட். நானும் ரோஷினியும். அவ டேப்லெட்லதான் ஸ்லைட்ஸ் இருந்துச்சு, ஆனா பேசறதுக்கு அவளுக்கு பயம். அதனால டேப்லெட்டை நான் வச்சுக்கிட்டேன். அவ பக்கத்துல நின்னா. நாலாவது ஸ்லைட்ல மேல ஒரு நோட்டிஃபிகேஷன் வந்துச்சு. அவங்க அம்மா போட்டோ. ‘அம்மா’ன்னு பேரு. கீழ ஒரு வரி. டேப்லெட்ல வந்தது அப்படியே போர்டுலயும் வந்துச்சு. யாரும் படிக்கறதுக்குள்ள தள்ளி விடலாம்னு விரலை வச்சேன். கை தவறிருச்சு. தள்றதுக்குப் பதிலா அமுக்கிட்டேன். பக்கம் திறந்துருச்சு.”

“அந்த வரியில என்ன இருந்தது?”

“நான் படிக்கல. அவ முகத்தைத்தான் பார்த்தேன்.”

“முகம் எப்படி இருந்தது?”

அதீஃப் தொப்பியை மடிப்பதை நிறுத்தினான். “சிரிச்சா ஆன்ட்டி. ஒரே ஒரு செகண்ட். ரொம்ப நாள் கழிச்சு யாரோ ஏர்போர்ட்ல வந்து இறங்கினா சிரிப்போம் இல்ல, அந்த மாதிரி. அப்புறம் அந்தச் சிரிப்பு போயிருச்சு. ஓடிட்டா.”

“இதை ஸ்கூல்ல சொன்னியா?”

“வைஸ் பிரின்ஸிபல் கிட்ட சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துருச்சு. செத்துப்போனவங்களை இதுல இழுக்கறியா, அவ அப்பா காதுல விழுந்தா அந்த மனுஷன் என்ன ஆவார், இனிமே இதை யார்கிட்டயும் சொல்லாதேன்னார். அப்புறம் பக்கத்தைப் பார்த்தாங்களாம். அப்படி ஒரு வரியே அதுல இல்லையாம்.”

“உனக்கும் அவளுக்கும் சண்டையாமே?”

“ரெண்டு வாரம் முன்னாடி. தினமும் எழுதாதே லா, அவங்க படிக்கப் போறது இல்லைன்னு சொன்னேன்.” அவன் மறுபடியும் தொப்பியை மடித்தான். “அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

மூலையில் மெஷின் நின்றது. அஸ்மத் எழுந்து வந்தார்.

“என் புள்ளை பொய் சொல்லுவான்மா,” என்றார். “ஹோம்வொர்க் முடிச்சுட்டேம்பான், முடிச்சிருக்க மாட்டான். ஆனா மவுத்தானவங்களை வச்சுப் பொய் சொல்லமாட்டான். பத்து நாளா ஒழுங்கா ஒரு வாய் சோறு இறங்கல அவனுக்கு.”

மயூரா எழுந்தாள். படி இறங்கும்போது கமலா கேட்டார்: “நம்பறியா மயூ?”

“நல்ல பொய் சொல்றவன் இன்னும் நம்பற மாதிரி ஒண்ணைச் சொல்லியிருப்பான் அக்கா. செத்தவங்க மெசேஜ் அனுப்பினாங்கன்னு எவன் சொல்லுவான்?”

“அப்போ?”

“அப்போ, நிவேதிகா பேர்ல யாரோ உள்ள இருக்காங்க. அது யாருன்னு கண்டுபிடிக்கணும்.”

ஜூரோங் போகும் ரயிலில் கமலா மூன்று சந்தேகங்களை வரிசையாக வைத்தார். போனை யாரோ திருடியிருக்கலாம். பாஸ்வேர்டை யாரோ ஊகித்திருக்கலாம். மூன்றாவது, உண்மையிலேயே பேய்.

“போன் வீட்டுலதான் இருக்கு,” என்றாள் மயூரா. “முதல் நாளே கேட்டேன். சுவிட்ச் ஆஃப் பண்ணி அலமாரியில வச்சிருக்காராம்.”

“அப்போ பேய்தான். எனக்கு மூணாவதுதான் முதல்லேருந்தே பிடிச்சிருந்தது.”

பள்ளியின் கணினி அறையில் ருக்கையா காத்திருந்தார். முப்பது வயதிருக்கும். தலையில் சாம்பல் நிறத் துணி. மூன்று பள்ளிகளின் டேப்லெட்டுகளையும் ஸ்மார்ட் போர்டுகளையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வாரத்தில் இரண்டு நாள்தான் இந்தப் பள்ளி. மருதப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மயூராவின் லைசென்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு எழுதினதைக் காட்டமாட்டேன்,” என்றார். “அவங்க அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும் காட்டமாட்டேன். நானே படிக்கல. அந்த ஒரு வரி இருக்கான்னு வைஸ் பிரின்ஸிபல் தேடிப் பார்த்தப்போ நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னேன். யார், எத்தனை மணிக்குத் திறந்தாங்கன்னு வேணா காட்டறேன்.”

“அது போதும்.”

“இந்த டேப்லெட்ல கேம் போட முடியாது,” ருக்கையா விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே சொன்னார். “கண்ட வீடியோ பார்க்க முடியாது. தொலைஞ்சா எங்க இருக்குன்னு என்னால கண்டுபிடிக்க முடியும். எல்லாத்துக்கும் பூட்டு போட்டோம். போர்டுல காட்டும்போது நோட்டிஃபிகேஷனை மறைக்கணும்னு மட்டும் தோணல. யாருக்கும் தோணல, எனக்கும்தான். இப்ப மூணு ஸ்கூல்லயும் அதை அடைச்சாச்சு. பத்து நாள் லேட்.”

அவர் தன்னைத்தானே திட்டிக்கொள்வது மாதிரி இருந்தது.

“வெளியாள் யாராவது உள்ள புகுந்தாங்களா?” என்று கேட்டாள் மயூரா.

“இல்ல. அதைத்தான் என்கிட்ட கேட்டாங்க, இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அந்தப் பக்கத்துக்கு ரெண்டு பேருக்குத்தான் அனுமதி. ரோஷினிக்கும் அவ அம்மாவுக்கும்.” ருக்கையா முதல் தடவையாகப் புன்னகைத்தார். “ரொம்ப அக்கறையான அம்மா. எவ்வளவு வேலை இருந்தாலும் தினமும் வந்து படிச்சிருக்காங்க.”

கமலா மயூராவைப் பார்த்தார். மயூரா ருக்கையாவைப் பார்த்தாள்.

“உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

“என்ன?”

“அந்த அம்மா இறந்து எட்டு மாசம் ஆச்சு, ருக்கையா.”

ருக்கையாவின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஒரு மேசை இழுப்பறையைத் திறந்து, ஒட்டியிருந்த உறையை எடுத்தார்.

“அந்தப் படம். எடுத்த பையன்கிட்டேருந்து வாங்கி, எல்லார் போன்லேருந்தும் அழிக்க வச்சோம். விசாரணைக்காக ஒரே ஒரு பிரதி.” படத்தை மேசையில் வைத்து, அதன் மேல் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டார். கடிதம் மறைந்தது. வலது ஓரம் மட்டும் தெரிந்தது. “எல்லாரும் பெரிய எழுத்தைத்தான் பார்த்தாங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன், ஓரத்தை யாரும் பார்க்கல.”

ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் சிரிக்கும் ஒரு பெண் முகம். பக்கத்தில் ‘அம்மா’. கீழே மங்கலாக ஒரு குறிப்பு. மயூரா பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தாள்.

‘அப்பாகிட்ட பேசு கண்ணு. அவரு பாவம்.’

“அப்போ பையன் சொன்னது நிஜம்!” என்றார் கமலா.

“நிஜம். ஆனா இதை எழுதினது நிவேதிகா இல்ல.”

“அது தெரிஞ்சதுதானே? அவங்கதான் உயிரோடயே இல்லையே.”

“அதைச் சொல்லல அக்கா. நிவேதிகாவோட குடும்பமும் எங்களை மாதிரி யாழ்ப்பாணம்தான். எங்க அம்மா என்னை ஒரு நாள்கூடக் கண்ணுன்னு கூப்பிட்டது இல்ல, குஞ்சுன்னுதான் கூப்பிடுவா. அப்பாகிட்ட பேசுன்னும் சொல்லமாட்டா.”

கமலா மெதுவாகச் சொன்னார்: “அப்பாவோட கதை.”

“அதான். நிவேதிகா மாதிரி எழுத நினைச்ச யாரோ எழுதியிருக்காங்க. எழுதத் தெரியாம எழுதியிருக்காங்க.”

ருக்கையா திரையைத் திருப்பினார். ‘அம்மா’ வந்துபோன நேரங்கள் வரிசையாக இறங்கின. நான்கு மாதமாக. கமலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார்.

“திங்கள் பத்து முப்பத்தொண்ணு. செவ்வாய் பத்து முப்பத்திரண்டு. புதன் பத்து முப்பது. எல்லாம் காலைல. பத்தே முக்காலுக்குள்ள போயிடுது. ஞாயிற்றுக்கிழமை வரல. அடுத்த ஞாயிறும் வரல. தேசிய தினத்தன்னிக்கும் வரல.” சிரிப்பு தொடங்கியது. “என்ன பேய் மயூ இது, பப்ளிக் ஹாலிடே எல்லாம் எடுத்துக்குது? நான் பஸ் ஓட்டினப்பகூட எனக்கு இப்படி ஒழுங்கா லீவு…”

சிரிப்பு பாதியில் நின்றது.

“என்ன அக்கா?”

“நான் ஒம்பது வருஷம் ஷிப்யார்டு ரூட்ல ஓட்டினேன்.” கமலா கண்ணாடியைக் கழற்றினார். “அங்க பத்தரைக்குச் சங்கு ஊதும். டீ பிரேக். பத்தே முக்காலுக்கு மறுபடி ஊதும்.”

மயூரா விரலைக் கீழே நகர்த்தினாள். வரிசையின் கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை இருந்தது. காலை 10:42, ஒரு குறிப்பு எழுதப்பட்டது. அதே நாள் மாலை 7:12, குறிப்பு நீக்கப்பட்டது.

“அதான் தேடினப்போ கிடைக்கல,” என்றார் ருக்கையா. அவர் கண் கலங்கியிருந்தது.

பள்ளி வாசலில் கமலா நின்றார். “இதை அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்லப் போற?”

மருதப்பனின் வீடு ஜூரோங் வெஸ்டில் ஒன்பதாவது மாடி. அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். நீல நிறச் சீருடையில் எண்ணெய்க் கறை. வாசலிலேயே கேட்டார்.

“ஆதாரம் கிடைச்சுதா மேடம்?”

“கிடைச்சுது. உட்காருங்க.”

ஹாலில் நிவேதிகாவின் படம், மாலை இல்லாமல், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சாதாரணமாக நின்றது. எதிரில் ஒரு மூடிய அறைக்கதவு. அதற்கு வெளியே தரையில் ஒரு தட்டு. சோறு தொடப்படவில்லை.

“அந்தப் பையன் என்ன சொல்றான்?”

“அவன் சொன்னதை ஸ்கூல்ல உங்ககிட்ட சொல்லல. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு மறைச்சுட்டாங்க.” மயூரா குரலைத் தாழ்த்தினாள். “நான் சொல்றதுக்கு முன்னாடி உங்க மனைவியோட போனைப் பார்க்கணும்.”

“அது அலமாரியில…”

“அது உங்க வேலைப் பையில இருக்கு.”

மருதப்பனின் முகம் சிவந்தது. கோபப்படப் போகிறார் என்று கமலா நினைத்தார். ஆனால் அவர் பையை எடுத்து, ஒரு துண்டுக்குள் சுற்றியிருந்த போனை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார். சிவப்பு உறை போட்ட போன். முழுக்கச் சார்ஜ் ஏறியிருந்தது.

“நான் ஒண்ணும் தப்பா…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. “அவ போன அப்புறம் எங்க வீட்ல பேச்சே இல்ல மேடம். எனக்கும் பேச வராது. நிவேதிகா இருந்தப்போ அவதான் எனக்கும் சேர்த்துப் பேசுவா. ஒரு நாள் போனைத் திறந்தேன். பிள்ளை அவளுக்கு எழுதியிருக்கா. இன்னைக்கு என்ன சாப்பிட்டேன், டெஸ்ட்ல என்ன மார்க், எல்லாம். என்கிட்ட சொல்லாததெல்லாம் அதுல இருந்துச்சு. அப்போலேருந்து டீ பிரேக்ல டீ குடிக்கறது இல்ல, இதைப் படிப்பேன். வீட்ல படிக்கமாட்டேன். அவ அடுத்த ரூம்ல இருக்கறப்போ படிக்க மனசு வராது.”

“அந்தச் செவ்வாய்க்கிழமை?”

“அதுக்கு முந்தின நாள் எழுதியிருந்தா…” அவர் பார்த்துப் படிக்கவில்லை. மனப்பாடமாகச் சொன்னார். “‘அம்மா, அப்பா என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கறாங்க. நான் உங்களை மாதிரி இருக்கேன், அதனாலதானே? நான் வேற யாரு மாதிரியாவது இருந்திருந்தா அப்பாவுக்குக் கஷ்டம் இருக்காது.’ இப்படி எழுதியிருந்தா மேடம். அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. என் பேர்ல சொல்லத் தைரியம் இல்ல. அவ பேர்ல ஒரு வரி எழுதினேன். சாயங்காலம் வந்தா, பிள்ளை கதவைச் சாத்திக்கிட்டிருந்தா. ஸ்கூல்ல நடந்ததைச் சொன்னாங்க. இந்த நேரத்துல அதைப் பார்த்தா பயந்துடுவான்னு அழிச்சுட்டேன். அவ அதைப் பார்க்கவே இல்ல.”

“பார்த்தா,” என்றாள் மயூரா.

அவர் நிமிர்ந்தார்.

“நீங்க பத்து நாற்பத்திரண்டுக்கு எழுதினீங்க. அந்த நிமிஷம் அவ வகுப்புல போர்டு முன்னாடி நின்னுட்டிருந்தா. டேப்லெட்ல வர்றது எல்லாம் போர்டுல தெரியும். நீங்க எழுதினதும் அவ அம்மா போட்டோவோட அங்க ஒரு நோட்டிஃபிகேஷன் வந்துச்சு. அதீஃப் யாரும் படிக்கறதுக்கு முன்னாடி அதைத் தள்ளிவிடப் பார்த்தான். கை தவறிப் பக்கம் திறந்துருச்சு. வேற யாரும் எதுவும் பண்ணல.”

மருதப்பன் அசையவில்லை. எண்ணெய்க் கறை படிந்த கட்டைவிரல் மட்டும் போனின் சிவப்பு உறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அந்த விரலைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா?” என்றார்.

“பத்து நாளா அந்தப் பையனை… நானா மேடம்?”

அப்போதுதான் அறைக்கதவு திறந்தது.

ரோஷினி வாசலில் நின்றாள். பள்ளிக்கூட டீ-ஷர்ட், கலைந்த முடி. படத்திலிருந்த பெண்ணின் அதே முகம், பதினைந்து வயதில். பத்து நாள் பேசாததால் குரல் கரகரத்தது.

“எனக்குத் தெரியும்பா.”

மருதப்பன் எழுந்தார். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“அம்மா என்னைக் கண்ணுன்னு கூப்பிட மாட்டாங்க. நீங்கதான் கூப்பிடுவீங்க. சின்ன வயசுல. போர்டுல படிச்சதுமே தெரிஞ்சுருச்சு.”

“அப்புறம் ஏன்மா சொல்லல?”

“சொன்னா நீங்க இப்படி நிப்பீங்கன்னுதான்.”

கமலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் வாயைத் திறந்தா, யாரு பண்ணினதுன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்லணும், இல்லாட்டி உங்களைச் சொல்லணும். அதான் பேசல. அதீஃப் பண்ணலைன்னு டீச்சருக்கு எழுதினேன். அவனுக்குப் பயந்துட்டு எழுதறேன்னு நினைச்சுட்டாங்க. இன்னும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல.” அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “பேசு, பாவம், அதெல்லாம் அப்புறம்தான் படிச்சேன். முதல்ல போட்டோ வந்துச்சுப்பா. அம்மா போட்டோ. ஒரு செகண்ட் அம்மாதான்னு நினைச்சுட்டேன். நிஜமாவே நினைச்சுட்டேன். அந்த ஒரு செகண்ட் எவ்வளவு… எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?”

அவளால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மருதப்பன் இரண்டடி எடுத்து வைத்தார். அவள் பின்வாங்கவில்லை, முன்னால் வரவும் இல்லை. அவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணீர் ஒழுக ஒழுக அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மயூரா தன் போனில் ஓர் எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினாள். “அதீஃபோட அம்மா.”

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“நான் ரோஷினி அப்பா பேசறேன்… உங்க பையன் சொன்னது நிஜம்மா. தப்பு என்னோடது. அவன் என் பிள்ளையைக் காப்பாத்தத்தான் பார்த்திருக்கான்.”

அஸ்மத்தின் குரல் வெளியே கேட்கும் அளவுக்கு வந்தது. “என்கிட்ட சொன்னா போதாதுங்க. ஸ்கூல்ல அத்தனை பேர் முன்னாடி சொல்லணும். அத்தனை பேர் முன்னாடிதானே அவனைத் திருடன் மாதிரி நிறுத்தினாங்க?”

“சொல்றேன். திங்கட்கிழமை நானே வந்து சொல்றேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் சோபா முனையில் உட்கார்ந்தார். ரோஷினி உள்ளே போய், வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

“அப்பா, அம்மா அக்கவுன்ட்டோட பாஸ்வேர்டை மாத்தப் போறேன்.”

“ம்.”

“அந்தப் பக்கம் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான். மாத்தினா அம்மா போன்லேருந்து அது போயிரும். நீங்க படிக்க முடியாது.”

“புரியுதும்மா.”

“கோபத்துல பண்ணல.”

“தெரியும்.”

அவள் தட்டினாள். மருதப்பன் கையிலிருந்த நிவேதிகாவின் போன் அதிர்ந்தது. பாஸ்வேர்டை மாற்றத் தேவையான ஆறு எண்கள் வந்திருந்தன. அவர் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். மேசைப் பக்கம் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசித்தார்.

“மூணு.”

அவள் அழுத்தினாள்.

“எட்டு… பூஜ்யம்.”

“ம்.”

“ரெண்டு. ரெண்டு.”

ஆறாவது எண்ணை அவர் சொல்லவில்லை. போனிலிருந்த மனைவியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்கள் காலாவதி ஆக ஒரு நிமிடம்தான். ரோஷினிக்கும் அது தெரியும். அவள் விரலை விசையின் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. கமலா மயூராவின் கையைப் பிடித்து அழுத்தினார். இருவரும் சத்தமில்லாமல் வாசலுக்கு நகர்ந்தார்கள்.

செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

“ஆறு,” என்றார் மருதப்பன். கொஞ்சம் கழித்து, “வந்துச்சாம்மா?” என்றார்.

“வந்துருச்சுப்பா.”